கீழே மூன்று புள்ளடி

என் ராசா,

உன் போனுக்கு அடித்து அடித்துக் கை ஓய்ந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ‘மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் பேசுறேன்’ என்று செய்தி வருகிறது. அந்த அப்புறம் மட்டும் இன்னும் வரவில்லை. போகட்டும். நாடே பார்க்க டிவியில் உட்கார்ந்து நீ நம் வீட்டுக் கதையைப் பேசினாய் அல்லவா, நானும் நாலு பேர் படிக்கிற மாதிரியே பதில் எழுதுகிறேன். தேர்தல் முறையை மாற்றக் கருத்துக் கேட்கிற குழு முன்னால் நீ பேசப் போகிறாய் என்று அந்த நிகழ்ச்சியிலேயே சொன்னார்கள். பெருமையாகத்தான் இருந்தது. விருப்பு வாக்கு ஒழிய வேண்டும், தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை திரும்ப வேண்டும் என்றாய். அதுவும் சரி, அது உன் கருத்து. ஆனால் கடைசியில், ‘சொந்தத் தாய்மாமனே முதுகில் குத்துகிற முறை இது, எனக்கு நடந்தது’ என்று சொன்னாய் பார், அங்கேதான் நான் டிவியை அணைத்தேன். மறுநாள் பசறை பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, “டீச்சர், மகன் நல்லாத்தான் பேசுனாரு. ஆனா அந்தக் கடைசிப் பேச்சு வேணாமே” என்றார். மூன்றாம் மனிதருக்கே அப்படி உறுத்தியது என்றால் பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

தை மாதம் உனக்குக் கல்யாணம். பெண் நல்ல பெண், பண்டாரவளைக் குடும்பம், எனக்குப் பிடித்திருக்கிறது. பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நம் பக்கத்துக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்டுகிறவர் தாய்மாமன். பட்டு உருமாலைத் தலையில் சுற்றி, முனையைச் செருகி, “எந்திரிடா மாப்ள” என்று அவர் கையைப் பிடித்து எழுப்பினால்தான் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டுவான். உனக்கு இருப்பது ஒரே மாமன், என் கூடப் பிறந்த ஒரே தம்பி. “மாமாவக் கூப்பிட வேணாம்மா. சித்தப்பா கட்டட்டும்” என்று நீ போனில் சொன்னாய். பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். இப்போது பேசுகிறேன். நீ மடுல்சீமைக்குப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, உன் மாமாவை உன் வாயால் அழைக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் கேட்கப்போவது அதுதான். நடுவில் தேர்தலைப் பற்றியும் பேசித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டு பேரையும் பிரித்தது அந்தச் சனியன்தானே.

உனக்குத் தெரிந்த மாமா, தோட்டத்துத் தலைவர். எனக்குத் தெரிந்த தம்பி, படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒருவரைத்தான் படிக்க வைக்க முடியும் என்று அப்பா முழித்தபோது, “அக்கா படிக்கட்டும், நான் மலைக்குப் போறேன்” என்று கத்தியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டப் போனவன். நான் கணக்கு டீச்சராகிப் பசறைக்கு வந்தேன், அவன் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தான். உன் அப்பா நம்மை விட்டுப் போன அன்று, கொள்ளி வைக்கமாட்டேன் என்று நீ ஓடிப்போய்த் தேயிலை ஸ்டோர் பக்கம் ஒளிந்துகொண்டாய். ஞாபகம் இருக்கிறதா? நான்தான் மயங்கிக் கிடந்தேனே, பிறகு சொல்லித்தான் தெரியும். உன்னைத் தேடிப் போன மாமா திட்டவில்லையாம், இழுக்கவும் இல்லையாம். உன் பக்கத்தில் உட்கார்ந்து, நீ அழுது முடிக்கும்வரை அவனும் அழுதானாம். அப்புறம் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்தீர்களாம். அந்தக் கையைத்தான் நீ இப்போது வேண்டாம் என்கிறாய்.

ஓட்டுப் போடுவது என்றால் அவனுக்கு ஒரு பைத்தியம். காரணம் இல்லாமல் இல்லை. சுதந்திரம் வந்த கையோடு நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். எங்கள் அப்பா இந்த மலையிலேயே பிறந்து, இந்த மலைக்கே உழைத்து, ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போடாமல் செத்தார். தேர்தல் நாளில் கீழே ரோட்டில் சிங்கள கிராமத்து ஆட்கள் வெள்ளை உடுத்திக்கொண்டு சாவடிக்குப் போவதை வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்ப்பார். “போறாங்க பாரு” என்பார், அவ்வளவுதான். பிறகு குடியுரிமையும் ஓட்டும் எங்களுக்குக் கிடைத்தபோது என் தம்பி அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கினான். ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துச் சுவரில் சோக்கட்டியால் வாக்குச்சீட்டை வரைவான். மேலே கட்சிச் சின்னம், கீழே வேட்பாளர் நம்பர்கள். கொழுந்துக்கூடையை இறக்கி வைத்த பெண்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் சோக்கைக் கொடுத்து, “மேல ஒன்னு, கீழ மூனு! எங்க, போடுங்க பாப்போம்” என்பான். மேலே கட்சிக்கு, பெருக்கல் குறி மாதிரி, ஒரு புள்ளடி, கீழே அந்தக் கட்சி ஆட்களில் பிடித்த மூன்று பேருக்கு மூன்று புள்ளடி. மறந்துபோய் ஐந்தாறு புள்ளடி போட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களிடம், “ஏம்மா, ஊரையே பார்லிமெண்டுக்கு அனுப்புறியா?” என்று கேலி செய்வான். மடுவமே கொல்லென்று சிரிக்கும்.

இந்த முறையின் கூத்து அந்தக் கீழ் வரிசையில்தான் இருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ சட்டம் படித்தவன். ஆனாலும் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதுளை மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி மாதிரி. மேலே விழுகிற புள்ளடிகளைக் கூட்டிப் பார்த்து, எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று முடிவாகும். கீழே விழுகிற புள்ளடிகளை, அதாவது விருப்பு வாக்குகளை, கூட்டிப் பார்த்து, அந்தக் கட்சியின் பட்டியலில் யார் யார் அந்த இடத்தில் உட்காருவது என்று முடிவாகும். ஆக எதிர்க்கட்சிக்காரன் உனக்குப் பாதி எதிரிதான். உன் முழு எதிரி, உன் பக்கத்தில் நின்று மாலை போட்டுக்கொண்டு, உன் சின்னத்துக்கே ஓட்டுக் கேட்கிறவன். அவனுக்கு ஒரு புள்ளடி கூடினால் உன் இடம் ஆடும். நான் சாவடியிலும் எண்ணும் நிலையத்திலும் எத்தனையோ முறை கடமைக்குப் போனவள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரே போத்தலில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரே கட்சிக்காரர்கள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இருவரையும் ஒரே பட்டியலில் போட்டது கட்சி. மாமாவைப் போட்டால் தோட்டத்து ஓட்டு வரும், உன்னைப் போட்டால் படித்த இளவட்டங்களின் ஓட்டு வரும். இரண்டும் மேலே ஒரே சின்னத்தில்தான் விழும். கீழே நீங்கள் அடித்துக்கொண்டு மண்டை உடைந்தால் கட்சிக்கு என்ன? அவர்களுக்கு இது லாபக் கணக்கு. வேட்புமனுக் கொடுத்த அன்று நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் வந்து காலில் விழுந்தீர்கள். உனக்கு நான்காம் நம்பர், மாமாவுக்கு ஒன்பதாம் நம்பர். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓட்டில்லாமல் செத்த மனிதனின் மகனும் பேரனும் ஒரே சீட்டில் நிற்கிறார்களே என்று அப்பா படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே சொன்னேன். அந்தச் சந்தோஷம் தீபாவளிவரைகூடத் தாங்கவில்லை.

தீபாவளிச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னேன்: “கீழ மூனு புள்ளடி இருக்குல்ல. உன் ஆளுங்க நாலும் போடட்டும் ஒன்பதும் போடட்டும். அவன் ஆளுங்களும் அதே மாதிரி போடட்டும். ரெண்டு பேரும் கரையேறலாம்.” மாமா கறியைப் பிசைந்துகொண்டே, “நான் சொல்லிருவேங்க்கா. அவங்க பக்கத்துப் பொடியன்க போடுவாங்களா?” என்றான். நீ உடனே, “மாமா சொன்னா தோட்டத்து ஆளுங்க கேப்பாங்கன்னு என்ன நிச்சயம்?” என்றாய். ஒருவர் இலையை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டீர்கள். கடைசியில் என் முகத்துக்காகச் சரி என்றீர்கள். மாமா உன் தலையில் கை வைத்து, “நாலும் ஒன்பதும்டா மாப்ள” என்றான். நீயும் சிரித்தாய். நான் பாயாசம் ஊற்றினேன்.

ரகசிய வாக்கு பெரிய வரம், ராசா. கங்காணியோ துரையோ தலைவரோ எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அந்த வரம்தான் உங்களைக் கவிழ்த்தது. கொடுத்த வாக்கை மற்றவர் காப்பாற்றினாரா என்று பார்க்க வழியே இல்லை. வழி இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஓட்டுக்கு முந்தின நாள் நமுனுகுலப் பக்கத்திலிருந்து எவனோ உனக்குப் போன் போட்டு, மாமாவின் ஆட்கள் ஒன்பதை மட்டும் போடச் சொல்லித் திரிகிறார்கள் என்றான். நீ விசாரித்தாயா? மாமாவுக்கு ஒரு போன் போட்டாயா? மூக்குக்கு மேலே கோபம் உனக்கு, உன் அப்பாவைப் போலவே. ‘நான்கு மட்டும், வேறு எதுவும் வேண்டாம்’ என்று எல்லோருக்கும் செய்தி அனுப்பினாய். அந்தச் செய்தியை மாமாவின் ஆட்கள் மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். அன்று பின்னேரம் அவன் மடுவத்துச் சுவரில் வரைந்திருந்த சீட்டுக்கு முன்னால் நின்றான். இத்தனை வருஷமாகக் கீழே மூன்று என்று சொல்லிக் கொடுத்த வாய், “மேல ஒன்னு, கீழ ஒன்னு” என்றது. “ஏந் தம்பி, மத்த ரெண்டும் யாருக்கு?” என்று பெண்கள் கேட்டார்களாம். அவன் சோக்கட்டியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டானாம். அன்று யாரும் சிரிக்கவில்லை என்று செல்வி சொன்னாள். செல்வி யார் என்று மறந்துவிட்டாயோ என்னவோ, உன் மாமி.

நீ இன்றுவரை, மாமாதான் முதலில் உடைத்தார் என்கிறாய். அவன், நீதான் உடைத்தாய் என்கிறான். பெட்டி பேசுமா? பேசாது. நமுனுகுலக்காரன் சொன்னது உண்மையா பொய்யா என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கணக்கு. பத்து வீடு உள்ள ஒரு லயத்தை எடுத்துக்கொள். ஐந்து வீடு நான்கை மட்டும் போட்டது, ஐந்து வீடு ஒன்பதை மட்டும் போட்டது. நம் கட்சியிலேயே டவுன் பக்கத்திலிருந்து நின்றவருக்கு ஏழு கிடைத்தால் போதும், இரண்டு பேரையும் தாண்டிவிடுவார். அதே பத்து வீடும் நான்கும் ஒன்பதும் போட்டிருந்தால் ஆளுக்குப் பத்து. ஓட்டைச் சிதறடித்தது மாமா போட்டி போட்டதல்ல. ஒற்றை நம்பர் என்ற பயம்தான் சிதறடித்தது. கட்சிக்கு இடங்கள் கிடைத்தன. நம் ஆட்கள் மழையில் நின்று போட்ட புள்ளடிகள் மேலே சேர்ந்து அந்த இடங்களைக் கொடுத்தன. அவற்றில் போய் உட்கார்ந்தவர்கள் வேறு யாரோ. நீயும் இல்லை, மாமாவும் இல்லை. அடுத்த மழைக்கு மாமாவின் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தபோது, யாருக்குப் போன் பண்ணுவது என்று ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தச் சனங்கள் உங்களிடம் கேட்டது அது ஒன்றைத்தானே, போன் பண்ண ஒரு ஆள்.

நான் யாருக்குப் போட்டேன் என்று நீங்கள் இருவரும் சந்தேகமாகப் பார்த்தீர்கள். சீட்டு ரகசியம்தான், ஆனால் என் சீட்டு என் ரகசியம், நான் சொல்லலாம். நான்குக்கும் போட்டேன், ஒன்பதுக்கும் போட்டேன். எனக்கு மகனையும் தம்பியையும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று அந்தச் சீட்டு கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்.

முடிவு வந்த காலையில் நம் வாசலில் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. “நீங்க மாமன் இல்ல, துரோகி. செத்தாலும் என் வாசலை மிதிக்காதீங்க” என்றாய் நீ. “ஒன்ன மகனா நெனச்சனே, என்னச் செருப்பால அடிக்கணும்” என்றான் அவன். இரண்டு பேர் நாக்கிலும் சனி. நடுவில் நான் நின்றேன், இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. அவன் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கிப் போனான். அந்தக் குடை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அடுத்த வருஷமே அவனுக்குப் பக்கவாதம். பதுளை ஆஸ்பத்திரியில் வலது கை பலகை போலக் கிடந்தது, வாய் கோணிப்போயிருந்தது. உனக்குச் சொன்னேன். ‘டாக்டர் என்ன சொல்றார்’ என்று கேட்டாய், வரவில்லை. அவன் குழறிக் குழறி, “மாப்ளைக்கு வேல போல” என்றான். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

இப்போது உன் டிவிப் பேச்சுக்கு வருகிறேன். தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறையில் நல்லது இல்லை என்று நான் சொல்லமாட்டேன். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று சனத்துக்குத் தெரியும். ஒரு கட்சிக்கு ஒரு ஆள்தான் நிற்பார், மாமனும் மருமகனும் ஒரே சின்னத்தில் மோதிக்கொள்ள மாட்டார்கள். மாவட்டம் முழுக்க போஸ்டர் ஒட்டிக் கடனாளியாக வேண்டியதில்லை. எல்லாம் சரிதான். ஆனால் நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? பசறையில் கொஞ்சம், மடுல்சீமையில் கொஞ்சம், நமுனுகுலயில் கொஞ்சம், அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலிஎல என்று மலைமலையாகக் கொஞ்சம் கொஞ்சம். பதுளை மாவட்டத்தில் தொகுதி ஒன்பது. ஒரு கரண்டிச் சீனியை ஒன்பது கோப்பையில் பிரித்துப் போட்டுப் பார், எந்தக் கோப்பையாவது இனிக்குமா? எல்லாத் தொகுதியிலும் நாம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருவோம், எங்கேயும் முதலாவதாக வரமாட்டோம். தோற்றவனுக்கு விழுந்த ஓட்டு முழுவதும் குப்பைக்கூடைக்குப் போகும். மாவட்டம் முழுவதையும் ஒரே பாத்திரமாக்கியதால்தான் நம் சீனி ஒன்றாகச் சேர்கிறது. பதுளை டவுனில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் சனங்களுக்கும் இதே கதைதான். நீ ஒழிக்கச் சொல்கிற முறை நம் வீட்டை உடைத்தது, உண்மை. ஆனால் அந்த முறை ஒன்றில்தான் நம் வீட்டிலிருந்து ஒருவர் போக முடியும் என்ற நினைப்பே நமக்கு வந்தது.

இரண்டையும் கலந்து வைக்கலாம் என்கிறார்கள், உள்ளூர்ப் பிரதேச சபைக்கு இப்போது நடப்பது மாதிரி. வட்டாரத்துக்கு ஒரு ஆள், மிச்சத்தைக் கட்சி எடுத்த ஓட்டுக்கு ஏற்றபடி பட்டியலிலிருந்து நிரப்புவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சீட்டில் ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கே இல்லை, சண்டையும் குறைவு. ஆனால் பட்டியலில் இருந்து யாரை எடுப்பது என்பது கட்சிக்காரர் கையில், நம் கையில் இல்லை. வட்டாரத்து எல்லையைக் கீறுகிறவர் பென்சிலை நமுனுகுல மலைக்கு நடுவே இழுத்தால், இந்தச் சரிவுத் தோட்டம் ஒரு பக்கம், அந்தச் சரிவுத் தோட்டம் ஒரு பக்கம் என்று போய்விடும். முன்பு நுவரெலியாப் பக்கம் ஒரே தொகுதிக்கு மூன்று உறுப்பினர்களை அனுப்பினார்களே, அப்படி ஒன்றைப் பற்றி நீ ஏன் பேசவில்லை? ஒரே இரவில் நான் மேதையாகிவிட்டேன் என்று சிரிக்காதே. உன்னோடு சண்டை போடுவதற்காகத் தேடித்தேடிப் படித்தேன். எந்த முறையும் சாமி கொடுத்ததல்ல. ஒவ்வொன்றும் யாரையோ ஏற்றிவிட்டு யாரையோ இறக்கிவிடும். யாரை என்று முதலில் கேள், பிறகு ஒழிக்கச் சொல். குழு முன்னால் போய் நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம், கோபத்தைக் கருத்து என்று மட்டும் சொல்லாதே. உன் மாமாவைப் பழிவாங்க நினைத்து அந்த மடுவத்துப் பெண்களின் கீழ் மூன்று புள்ளடியையும் அழித்துவிடாதே.

அந்தப் பிரதேச சபைத் தேர்தலுக்கு மாமாவும் வந்தான். படுக்கையிலிருந்து எழுந்து, செல்வி ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். உள்ளே போகும் முன்னால் சாவடி வாசலில் நின்றுவிட்டான். பேச்சு இன்னும் குழறும். “அக்கா, எடது கையால போட்டா புள்ளடி செல்லுமா?” என்று கேட்டான். ஊருக்கெல்லாம் புள்ளடி சொல்லிக் கொடுத்தவன்! எனக்குக் கண்ணை மறைத்தது. “செல்லும்டா தம்பி. எந்தக் கையால போட்டாலும் செல்லும்” என்றேன். உதவிக்கு ஆள் தருகிறோம் என்று அலுவலர் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தனியாகவே அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் போனான். வெகுநேரம் வரவில்லை. வெளியே வந்து, “கோணலாத்தான் போட்டேன்” என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தான். உன்னைப் பற்றி ஆட்டோவில் ஒரு கேள்வி கேட்டான், நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று.

உனக்கு எழுபது வயதுத் தாயின் புத்திமதி வேண்டுமென்றால் சொல்கிறேன். வெளியே ஆயிரம் பேரோடு மோது, அது உன் தொழில். யாரோடு மோதினாலும், அந்த மோதலால் யாருக்கு லாபம் என்று ஒரு தடவை திரும்பிப் பார். உங்களை மோதவிட்ட கட்சிக்காரர்கள் இப்போது உன் பெயரையும் மறந்திருப்பார்கள், அவன் பெயரையும் மறந்திருப்பார்கள். உங்கள் இரண்டு பேர் பெயரையும் நான்தான் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். இனி உனக்கு ஒரு வீடு அமையும். அங்கேயும் யாராவது ஒருவர் வந்து, அவர் இப்படிச் சொன்னார் இவர் அப்படிச் செய்தார் என்பார்கள். போனை எடுத்து நேரே கேட்டுவிடு. நமுனுகுலக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு மாமனை இழந்தது போதும்.

நேற்றுப் பசறைச் சந்தைக்குப் போயிருந்தேன். மடுல்சீமை பஸ்ஸுக்காகச் செல்வி நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வாடியது. கல்யாணச் செய்தி ஊரெல்லாம் தெரியும், அவர்களுக்கு மட்டும் நான் சொல்லவில்லையே. என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். அவள் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். “நல்லா இருக்காருங்க அண்ணி. ஆனா ஒரு கூத்து. காலைல எந்திரிச்சா துண்ட எடுத்து வச்சுக்கிட்டு சோத்துப் பானையில சுத்திச் சுத்திக் கட்டுறாரு. அவுந்து விழும், திரும்பக் கட்டுவாரு. புள்ளைங்க சிரிக்குதுங்க. என்னன்னு கேட்டா, மாப்ளைக்கு உருமால் கட்டப் பழகுறேங்குறாரு. கூப்புடலயேங்கன்னு சொன்னேன். கூப்புட்டா அன்னைக்குப் போய்ப் பழக முடியுமாங்குறாரு.” பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அவள் படியில் ஏறி, திரும்பிச் சொன்னாள்: “அண்ணி, ஒங்ககிட்ட ஒன்னு கேக்கச் சொன்னாரு. எடது கையால உருமால் கட்டுனா மாப்ளைக்குக் குத்தமாகுமா?”

புள்ளடிக்கு என்றால் எனக்குப் பதில் தெரியும், அன்றே சொல்லிவிட்டேன். இதற்கு நான் பதில் சொல்லவில்லை, ராசா. கட்டிக்கொள்ளப் போகிற தலை உன்னுடையது. மடுல்சீமைக்குப் போய் நீயே சொல்.

இங்கே மழை விட்டபாடில்லை. போகும் வழியில் இங்கே வந்து, கதவுக்குப் பின்னால் தொங்குகிற அந்தக் குடையை எடுத்துப் போ, அது அவனுடையது.

உன் அம்மா
பசறை